பின்னல் கயிறு: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் பிட்டராக இருந்தவன் நான். கயிறு, பெல்ட், பம்ப், வால்வு என்றே காலம் போனது. ஓய்வு பெற்ற பிறகும் மாடு வளர்ப்பவர்கள், கொழுந்து பறிக்கும் பெண்கள், மலையேறப் போகும் இளைஞர்கள் என்று பலர் வந்து கயிற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

முறுக்குக் கயிறு, பின்னல் கயிறு: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

முறுக்குக் கயிற்றில் எல்லாப் புரிகளும் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும். தும்புக் கயிறு, லொறியில் தார்ப்பாய் கட்டும் கயிறு எல்லாம் இந்த வகை. பின்னல் கயிற்றில் பாதி இழைகள் வலப்பக்கமாகச் சுற்றும், மற்றப் பாதி இடப்பக்கமாகச் சுற்றும். எதிரெதிரே வரும் இழைகள் ஒன்றின் மேல் ஏறி, அடுத்ததன் கீழ் இறங்கி, மாறி மாறிக் கடந்து போகும்.

கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். முறுக்குக் கயிற்றின் மேல் சாய்வான வரிகள் ஒரே திசையில் ஓடும். பின்னல் கயிற்றில் நெற்கதிர் மாதிரி இரண்டு பக்கச் சாய்வும் வந்து நடுவில் கூடும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

பாரம் தொங்கவிட்டால் சில கயிறுகள் ஏன் சுழல்கின்றன?

முறுக்கியதை இழுத்தால் அது அவிழப் பார்க்கும். புரிகள் எல்லாம் ஒரே பக்கம் சுற்றியிருப்பதால், இழுக்கும்போது எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பும். கீழே தொங்கும் பொருளும் கூடவே சுற்றும். பின்னலில் வலப்பக்க இழைகள் ஒரு பக்கம் திருப்பினால் இடப்பக்க இழைகள் மறுபக்கம் திருப்பும். இரண்டும் சமமாகி, பாரம் அசையாமல் நிற்கும்.

இதை நான் பயந்து படித்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து ஒரு மின்மோட்டாரைக் கீழே இறக்கினோம். புதுக் கயிறு, நல்ல தடிப்பு, ஆனால் மூன்று புரி முறுக்கு. மோட்டார் தரையை விட்டுக் கிளம்பியதும் மெல்லச் சுற்றத் தொடங்கியது. பாதி தூரம் இறங்குவதற்குள் வேகம் பிடித்துவிட்டது. அதன் கால் ஜன்னல் சட்டத்தில் மோதிப் பலகை பெயர்ந்தது. கீழே நின்ற ஆள் ஒரு அடி பின்னால் நின்றதால் தப்பினார். பாரத்தில் ஒரு வழிக்கயிறு கட்டிக் கீழிருந்து ஒருவர் பிடித்திருந்தாலே போதும், அன்று அதைக்கூடச் செய்யவில்லை. அதற்குப் பிறகு தொங்கவிட்டு இறக்கும் வேலைக்கு நான் பின்னல் கயிறுதான் கேட்டு வாங்கினேன்.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால் ஒரு தகர டின்னில் மண் நிரப்பி, பலாமரக் கிளையில் இரண்டு வகைக் கயிற்றாலும் மாறி மாறித் தொங்கவிடுங்கள். ஒரு நிமிடத்தில் விளங்கும்.

ஒரு பின்னலுக்குக் குறைந்தது எத்தனை புரி வேண்டும்?

மூன்று. இரண்டை வைத்து முறுக்கத்தான் முடியும், பின்ன முடியாது.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் காலையில் இரட்டைச் சடை பின்னும் அம்மாவின் கையைப் பாருங்கள். வலது ஓரப் புரி நடுப்புரியின் மேல் வரும், அடுத்து இடது ஓரப் புரி நடுவுக்கு வரும். மூன்றும் முறை வைத்து நடுவுக்கு வந்து போகும். ஒவ்வொரு கடத்தலும் முந்தையதைப் பிடித்து வைத்திருப்பதால், ரிபன் நழுவினாலும் நுனிதான் கொஞ்சம் கலையும். அதே தலைமுடியை இரண்டாகப் பிரித்து முறுக்கிவிட்டால் பிள்ளை வாசலைத் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும்.

கணிதத்தில் பின்னல்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. எமில் ஆர்ட்டின் என்ற கணிதர் 1925 இல் அதற்கு அடித்தளம் போட்டார். அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல்லுக்கும் சடை என்றுதான் பொருள். தலை பின்னத் தெரிந்த எவரும் அந்தக் கணிதத்தின் முதல் பாடத்தைக் கையாலேயே முடித்தவர்தான்.

இயந்திரம் எப்படிப் பின்னுகிறது?

பின்னல் கோலாட்டம் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் உயரத்தில் கட்டிய வண்ணக் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வட்டமாக ஆடுவார்கள். பாதிப் பேர் ஒரு திசை, மற்றவர்கள் எதிர்த்திசை. எதிரே வருபவருக்கு ஒரு முறை உள்ளே, அடுத்தவருக்கு வெளியே என்று விலகி விலகி ஆட, மேலே பின்னல் இறங்கும். அதே அடியைத் திருப்பி ஆடினால் பின்னல் அவிழும்.

பின்னல் இயந்திரம் செய்வது அச்சு அசலாக இதுதான். ஆடுபவர்களுக்குப் பதிலாக நூல் சுற்றிய பொபின்கள். அவை பாம்பு போல வளைந்து ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு தடங்களில் எதிரெதிராக ஓடும். அடியில் இருக்கும் பற்சக்கரங்கள் ஒவ்வொரு பொபினையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும். நடுவில் கயிறு மேலே ஏறிக்கொண்டிருக்கும். ஐரோப்பாவிலும் கம்பத்தைச் சுற்றி ரிபன் பிடித்து ஆடும் ஆட்டம் உண்டு, அதற்கு மேபோல் என்று பெயர். இந்த வகை இயந்திரத்துக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். பின்னல் இயந்திரத்துக்கான முதல் காப்புரிமை 1748 இல் மான்செஸ்டரில் தோமஸ் வால்ஃபோர்ட் என்பவருக்குக் கிடைத்தது.

பொபின்கள் இரட்டைப்படையாக இருந்து முழு வட்டம் ஓடினால் உருண்டையான குழாய்ப் பின்னல் வரும். தட்டைப் பட்டிக்குப் பொதுவாக ஒற்றைப்படையில் வைப்பார்கள். அங்கே பொபின் ஓரம் வரை போய்த் திரும்பி வரும்.

பின்னல் கயிறுதான் பலமானதா?

அப்படிச் சொல்ல முடியாது. ஒரே பொருள், ஒரே தடிப்பு என்றால் இரண்டுக்கும் பலத்தில் பெரிய இடைவெளி இருக்காது. இழை எந்தப் பொருள், எவ்வளவு சாய்வாக ஓடுகிறது என்பவைதான் முக்கியம். இழை நீளவாக்கில் நேராகப் போகப் போகப் பலம் கூடும், நீட்சி குறையும். ஆனால் பின்னல் தளர்ந்து, முள்ளிலும் ஆணியிலும் சிக்கும். இறுக்கிப் பின்னினால் தேய்மானத்தைத் தாங்கும், கொஞ்சம் பலம் போகும்.

முறுக்குக் கயிற்றுக்கும் அதன் மதிப்பு உண்டு. விலை குறைவு. புரியைப் பிரித்து உள்ளே பழுதா என்று பார்க்கலாம். அறுந்தால் புரியோடு புரி கோர்த்து இணைக்கலாம். மாடு கட்ட, விறகுக் கட்டுக்கு, தார்ப்பாய்க்கு அதுவே போதும், கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. பாரம் சுழலக்கூடாது, கப்பியில் சீராக ஓட வேண்டும், கையில் வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற இடங்களில்தான் பின்னலுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

கடையில் "நைலோன் கயிறு" என்று கொடுக்கிறார்களே, அது உண்மையில் நைலோனா?

பெரும்பாலும் இல்லை. நம் டவுன் கடைகளில் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகத் தொங்கும் மலிவான கயிறு பொதுவாகப் பொலிப்ரொப்பிலீன் அல்லது பொலிஎத்திலீன். பிளாஸ்டிக் கயிறு எல்லாவற்றையும் நைலோன் என்று சொல்வது நம் வழக்கமாகிவிட்டது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று இல்லை, அவருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும்.

ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழி போகக் கையால் பிசைந்து விடுங்கள். மிதந்தால் நைலோன் அல்ல. பொலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசானது. நைலோனும் பொலியெஸ்டரும் அமிழும்.

இது ஏன் முக்கியம்? மூன்றின் குணமும் வேறு. நைலோன் நன்றாக நீண்டு கொடுக்கும், திடீர் இழுப்பைத் தாங்கும். ஆனால் நனைந்தால் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகப் பலம் இழக்கும். பொலியெஸ்டர் நனைந்தாலும் பலம் குறையாது, நீட்சி குறைவு, வெயிலையும் தாங்கும். பொலிப்ரொப்பிலீன் மழைக்கு அஞ்சாது, வெயிலுக்குத்தான் அஞ்சும். வெளியே கட்டிக் கிடந்த கயிற்றை உருவினால் கையில் வெள்ளையாக மாவு ஒட்டுகிறதா? அதன் காலம் முடிந்துவிட்டது. சூட்டிலும் அதுதான் முதலில் போகும்: 165 பாகை அளவில் உருகிவிடும். நைலோன் அதன் வகையைப் பொறுத்து 220 இலிருந்து 260 வரை தாங்கும், பொலியெஸ்டர் 255க்கு மேல்.

கொழுந்துக் கூடையின் தலைக்கயிறு உச்சந்தலையை அறுக்கிறது. பின்னல் உதவுமா?

உதவும். ஆனால் உருண்டைப் பின்னல் அல்ல, தட்டைப் பின்னல்.

நிறை வந்து நிற்கும் இடம் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அழுத்தம் குறையும். எட்டு மில்லிமீட்டர் உருண்டைக் கயிறு தலையில் ஒரு கோடாகத்தான் பதியும். நான்கு விரல் அகலப் பட்டி அதே நிறையைப் பரப்பிவிடும். பழைய பருத்திச் சேலையை நீளவாக்கில் ஐந்து கீற்றாகக் கிழித்து, ஓரக் கீற்றை ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ் என்று நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பின்னினால் நல்ல பட்டி கிடைக்கும். தலையில் படும் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் பட்டி போதும். மீதிக்குக் கூடையின் பழைய கயிற்றையே இரண்டு முனையிலும் கோர்த்துக்கொள்ளலாம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டி தோலைக் காக்கும், கழுத்தைக் காக்காது. கூடையில் 15 கிலோ இருந்தால் அந்த 15 கிலோவும் கழுத்தெலும்பு வழியாகத்தான் இறங்கும். இந்த மலைச்சரிவில் ஏறி இறங்கும் பெண்களின் கழுத்துவலிக்குக் கயிறு மருந்தல்ல. நிறுவைக்கு இடையில் சுமையைக் குறைப்பதுதான் மருந்து, அதைச் செய்ய வேண்டியவர்கள் வேறு.

கையாலேயே உருண்டைக் கயிறு பின்ன முடியுமா?

முடியும், நான்கு புரி போதும். ஆட்டுக்கும் கன்றுக்கும் கட்ட அருமையான கயிறு வரும்.

நான்கு புரியையும் ஒரு முனையில் முடிந்து ஆணியில் மாட்டுங்கள். இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வைத்துக்கொள்வோம். வலது ஓரத்து நான்காம் புரியை எடுத்து, மூன்றுக்கும் இரண்டுக்கும் பின்னால் கொண்டுபோய், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே முன்னால் எடுங்கள். எடுத்த கையோடு இரண்டின் மேலாகத் திருப்பி நடுவில் விடுங்கள். வலது பக்கத்திலிருந்து போன புரி வலது பக்கத்துக்கே வந்துவிட்டது. இனி இடது ஓரம். அதையும் அப்படியே நடுவில் உள்ள இரண்டுக்கும் பின்னால் கொண்டுபோய், முன்னால் எடுத்து, ஒன்றின் மேலாகத் திருப்பி இடது பக்கத்துக்கே கொண்டுவாருங்கள். அவ்வளவுதான், இதே இரண்டு அடி. ஒவ்வொரு முறையும் இரண்டு கையாலும் ஒரே அளவாக இழுத்து இறுக்குங்கள். இறுக்கம் மாறினால் கயிறு ஒரு பக்கம் வளையும்.

முடிந்த கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்தில் புரிகளை வெட்டிக்கொள்ளுங்கள். குறைந்துவிட்டால் நடுவில் ஒட்டுப் போடுவது பெரும் தொல்லை.

நீர்வீழ்ச்சிக்கும் மலைக்கும் போகிறோம். கடைக் கயிற்றைக் கட்டி இறங்கலாமா?

தயவுசெய்து வேண்டாம்.

ஆள் தொங்குவதற்கென்றே ஒரு கயிறு இருக்கிறது. அதில் உள்ளே ஒரு தண்டு, வெளியே ஒரு பின்னல் உறை. தண்டில் வெள்ளை நூல்கட்டுகள் நீளவாக்கில் ஓடும். பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது அதுதான். பல கயிறுகளில் அந்த நூல்களில் பாதியை வலமுறுக்காகவும் பாதியை இடமுறுக்காகவும் போட்டிருப்பார்கள், ஆள் சுழலாமல் இருக்க. மேலே உள்ள உறை பாறையில் தேயும், சேறு படும், வெயில் வாங்கும். தண்டு பத்திரமாக இருக்கும். ஜெர்மனியின் ஈடல்ரிட் நிறுவனம் 1953 இல் இந்த அமைப்பைக் கொண்டுவந்தது. அதற்கு முன் மலையேறுபவர்களும் முறுக்குக் கயிற்றில்தான் உயிரை வைத்திருந்தார்கள்.

இதிலும் இரண்டு வகை, மாற்றிவிடக்கூடாது. ஏறும்போது விழக்கூடிய இடத்துக்கு நீண்டு கொடுக்கும் கயிறு வேண்டும், அதற்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 892. விழுந்தவரைக் கயிறு மெதுவாக நீண்டு நிறுத்தும், உடம்பில் ஏறும் அதிர்ச்சி குறையும். இறங்க, ஆளைத் தூக்க, சாமான் இறக்க நீளாத கயிறு வேண்டும், அது ஈஎன் 1891. அந்தத் தரத்தின் முதல் பிரிவில் வரும் கயிறு 22 கிலோநியூட்டன், அதாவது 2,200 கிலோ அளவுக்கான இழுப்பைத் தாங்கியாக வேண்டும். எண்பது கிலோ ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். முடிச்சில் ஒரு பங்கு போகும், பாறை விளிம்பில் ஒரு பங்கு, நனைந்ததில் ஒரு பங்கு, திடீர் குலுக்கலுக்கு ஒரு பங்கு. மிச்சம்தான் உங்கள் உயிருக்கு.

தரம் அச்சிட்ட பட்டி கயிற்றின் முனையில் இருக்கும். அது இல்லாத கயிற்றில் ஆள் தொங்கக்கூடாது, பார்க்க எவ்வளவு தடிப்பாக இருந்தாலும்.

மண்சரிவு நேரத்தில் எந்தக் கயிறு கையில் இருக்க வேண்டும்?

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. நம் பகுதியில் அந்த நாளை யாரும் மறக்கவில்லை. எங்கே மண் சரிந்தாலும் முதலில் ஓடுவது பக்கத்து லயத்து இளைஞர்கள்தான். கையில் கிடைத்த கயிற்றோடு ஓடுகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் 117க்கு அழையுங்கள், அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை கொடுத்த இடம் என்றால், கயிறு தேடுவதைவிட வெளியேறுவதுதான் வேலை.

கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ பணம் சேர்த்து ஒரு கயிறு வாங்குவதென்றால், நீளாத தண்டு-உறைக் கயிறு, 10 அல்லது 11 மில்லிமீட்டர், 50 மீட்டர் நீளத்துக்குக் குறையாமல். அதை ஒரு பையில் போட்டு, மீட்பு வேலைக்கு மட்டும் என்று எழுதி வையுங்கள். திருவிழாப் பந்தலுக்கும் லொறிக்கும் எடுக்க விடாதீர்கள். ஒரு முறை பற்றரி அமிலம் பட்ட கயிறு வெளியே ஒன்றும் தெரியாமலேயே உள்ளே கெட்டிருக்கும்.

அப்புறம் ஒரு பெரிய ஆபத்து. நைலோன் கயிறு ஒன்று அசையாமல் நிற்க, அதன் ஒரே இடத்தில் இன்னொரு கயிறு உரசிக்கொண்டு ஓடினால், நின்ற கயிறு சூடேறி உருகி அறுந்துவிடும். வாள் வைத்து அறுத்த மாதிரி இருக்கும். கயிறும் கயிறும் உரசும் இடத்தில் எப்போதும் ஒரு இரும்புக் கொளுவியைப் போடுங்கள். பாறை விளிம்பில் ஒரு சாக்கையாவது மடித்து வையுங்கள்.

முடிச்சுப் போட்டால் பலம் குறையுமா?

குறையும். முடிச்சில் கயிறு கூர்மையாக வளையும் இடத்தில் வெளிப்புற இழை முழுப் பாரத்தையும் வாங்கும், உட்புற இழை சும்மா இருக்கும். முடிச்சைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் பாதி வரை கூடப் போகும். எட்டு வடிவ முடிச்சு குறைவாகக் கெடுக்கும், பார்த்தவுடன் சரியா பிழையா என்றும் தெரியும்.

உள்ளே வெற்றாக இருக்கும் குழாய்ப் பின்னலில் முடிச்சே இல்லாமல் இணைக்கலாம். கயிற்றின் முனையை அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு முழ நீளம் நுழைத்துவிட்டால் போதும். இழுக்க இழுக்க வெளிப்பின்னல் நீண்டு ஒடுங்கி உள்ளே இருப்பதை நெரித்துப் பிடிக்கும். விரலை விட்டு இழுத்தால் வெளியே வராத ஓலைக்குழல் விளையாட்டுப் பொருள் உண்டே, அதே வேலை. தடித்த மின்கேபிளைக் குழாய்க்குள் இழுக்கும் கம்பிவலைக் காலுறையும் இதே முறையில்தான் பிடிக்கிறது.

தொழிற்சாலையில் பின்னல் எங்கே இருக்கிறது?

பார்த்துக்கொண்டே இருந்திருப்பீர்கள், தெரிந்திருக்காது. பம்பின் தண்டு உள்ளே சுழலும், தண்ணீர் வெளியே வரக்கூடாது. அந்த இடைவெளியை அடைப்பது கிளாண்ட் பாக்கிங் என்ற சதுரப் பின்னல் கயிறு. பழைய தோட்டங்களில் ஆற்றுத்தண்ணீரில் ஓடிய டர்பைன்களின் தண்டிலும் இதுதான். முன்பு கொழுப்புத் தோய்த்த பருத்தியும், சூடான இடத்துக்கு அஸ்பெஸ்டஸும் வந்தன. இப்போது கிரஃபைட், டெஃப்லோன்.

இது ஏன் பின்னலாக இருக்க வேண்டும்? நல்ல பாக்கிங்கில் ஒவ்வொரு இழையும் மூலைக்கு மூலை உடம்புக்குள் ஊடுருவிப் போகும். தண்டில் உரசி ஒரு இழை தேய்ந்து அறுந்தாலும் மற்றவை அதைப் பிடித்துவைத்திருக்கும், முறுக்குக் கயிறு போலப் பிரிந்து வெளியே வராது.

மாற்றும் விதம் இதுதான். பழைய வளையம் எல்லாவற்றையும் கொக்கியால் தோண்டி எடுங்கள். அடியில் ஒன்றை விட்டுவிட்டு மேலே புதிது போடுவது சோம்பேறி வேலை, ஒரு மாதத்தில் திரும்ப ஒழுகும். அதே தடிப்புள்ள ஒரு குழாயில் புதுக் கயிற்றைச் சுற்றிச் சாய்வாக வெட்டி வளையமாக்குங்கள். ஒவ்வொன்றாகத் தள்ளி இறுக்குங்கள். வெட்டு வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வராமல் கால் சுற்றுத் தள்ளித் தள்ளி வையுங்கள். கடைசியில் நட்டை விரலால் முடிந்தவரை இறுக்கி, பம்பை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாவி போடுங்கள். தண்ணீர் பம்பில் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் ஒழுகத்தான் வேண்டும். அந்தச் சொட்டுத்தான் பாக்கிங்கைக் குளிர்விக்கிறது. ஒழுகவே கூடாது என்று முழுப்பலத்தோடு இறுக்கியவர்கள் தண்டையே தேய்த்துத் தின்ன விட்டிருக்கிறார்கள்.

அழுத்தக் குழாய்களுக்குள் பின்னல் எதற்கு?

பழைய ரப்பர் குழாய் வெடித்தால் எப்படி வெடிக்கிறது? நீளவாக்கில் கிழியும், குறுக்கே அறாது. உள்ளே அழுத்தம் ஏறும்போது சுற்றளவில் விழும் இழுப்பு, நீளவாக்கில் விழுவதைப் போல இரண்டு மடங்கு. அதனால் ரப்பருக்கு மேல் பின்னும் நூலோ எஃகுக் கம்பியோ இரண்டு பக்கத்தையும் அந்த விகிதத்தில் தாங்கும் சாய்வில் ஓட வேண்டும். கணக்குப் போட்டால் அது நீள அச்சிலிருந்து 54.7 பாகை. அந்தச் சாய்வில் பின்னிய குழாய் அழுத்தம் ஏறினாலும் நீளாது, சுருங்காது. ஜேசிபியின் கையை அசைக்கும் ஒயில் குழாயில் எஃகுப் பின்னல் இதையொட்டிய சாய்வில்தான் ஓடும்.

அதைவிட நீளவாக்கில் சாய்த்துப் பின்னினால் என்ன ஆகும்? காற்று ஏற்றியதும் குழாய் பருத்து, நீளத்தில் சுருங்கும். 1950களில் ஜோசப் மெக்கிபன் இதையே செயற்கைத் தசையாக்கி, கை செயலிழந்தவர்கள் விரலை அசைக்கப் பயன்படுத்தினார். ரப்பர்ப் பை, மேலே ஒரு பின்னல் உறை, வேறு ஒன்றும் இல்லை. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டில் பின்னல் எங்கே இருக்கிறது?

பழைய இஸ்திரிப் பெட்டியின் வயர் மேல் உள்ள பருத்திப் பின்னல்: சூடான இரும்பு பட்டாலும் பிளாஸ்டிக் போல உருகி ஒட்டாது. டிவி கேபிளை உரித்தால் நடுக்கம்பியைச் சுற்றி மெல்லிய உலோகப் பின்னல் வரும். அது வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தடுக்கிறது, கேபிளும் வளையும்.

இன்னொன்று மெழுகுதிரி. முன்பு முறுக்குத் திரி போட்டார்கள். அது எரிந்து கரியாகி நிமிர்ந்து நிற்கும், புகையும், அடிக்கடி கத்தரிக்க வேண்டும். 1825 இல் கம்பாசெரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் பின்னிய திரியைக் கொண்டுவந்தார். பின்னல் எரியும்போது ஒரு பக்கம் வளைந்து, நுனி சுடரின் ஓரத்துக்கு வந்து, தானே சாம்பலாகிவிடும். இன்று மின்சாரம் போன இரவில் கொளுத்தும்போது திரி எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் போட்ட தையல் பின்னல் நூலா?

இருக்கலாம். பட்டு நூலும், உடம்பிலேயே கரையும் விக்ரில் போன்ற நூலும் பின்னியவை. ஒற்றை இழை நூலைவிட மென்மையாக வளையும், முடிச்சு நழுவாது. ஆனால் இழைகளுக்கு நடுவே ஈரத்தோடு கிருமியும் ஏற இடம் உண்டு. அதனால் அழுக்கான காயத்துக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் ஒற்றை இழையை விரும்புவார்கள். விக்ரில் 56 முதல் 70 நாளில் கரைந்து முடியும். இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்டுகளில் சில வகைகள் மெல்லிய கம்பிப் பின்னல்தான். இழுத்து ஒடுக்கி உள்ளே அனுப்பி, விட்டவுடன் விரியும்.

விமானத்தில் கூட பின்னல் இருக்கிறதாமே?

ஆமாம். போயிங் 787 இல் பொருத்தும் ஜெனெக்ஸ் என்ஜினின் விசிறியைச் சுற்றிய உறை, கரிநாரைப் பின்னிப் பிசினில் இறுக்கிச் செய்தது. ஓடும்போது விசிறியின் இறக்கை ஒன்று முறிந்தால் அது வெளியே பறக்காமல் தடுக்க வேண்டியது அந்த உறை. விரிசல் விட்டாலும் குறுக்கே ஓடும் இழைகள் அது பரவாமல் பிடித்துக்கொள்ளும்.

கம்பிவடமும் பின்னலா?

இல்லை. முன்பு மலை உச்சியிலிருந்து கொழுந்து மூட்டைகளை அனுப்பிய கம்பிவழிகளும், இப்போது உல்லாசப் பயணிகள் சறுக்கும் கம்பியும் முறுக்கியவைதான். எஃகுக் கம்பியைப் பின்னினால் கடக்கும் இடங்களில் ஒன்றையொன்று அறுக்கும்.

நம் பனியிலும் மழையிலும் கயிற்றை எப்படிப் பாதுகாப்பது?

தும்பு, சணல், பருத்தி எல்லாம் ஈரத்தில் உளுத்துப்போகும். நுவரெலியாக் குளிரில் காய்வதற்கே நாளாகும், அதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். செயற்கை இழை உளுக்காது, ஆனால் சேற்றில் உள்ள மணல் பின்னலுக்குள் புகுந்து ஒவ்வொரு இழுப்பிலும் இழையை அறுக்கும். பீலியில் வெறும் தண்ணீர் விட்டு அலசி, நிழலில் காற்றுப்படத் தொங்கவிடுங்கள். அடுப்பு மேல் காயப்போட வேண்டாம்.

வெட்டும் இடத்தில் முதலில் டேப் சுற்றி, நடுவில் வெட்டி, முனையைச் சூட்டில் உருக்கி ஒட்டுங்கள். தண்டு-உறைக் கயிறு என்றால் இரண்டும் சேர்ந்து உருகி ஒட்டினதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உறை வழுக்கித் தண்டு உள்ளே போய்விடும்.

மாதம் ஒரு முறை கயிறு முழுவதையும் கைக்குள் உருவிப் பாருங்கள், கண்ணைவிட விரலுக்கு அதிகம் தெரியும். ஒரு இடம் மெலிந்திருந்தால், விறைத்திருந்தால், மடித்தால் அங்கே மட்டும் கூர்மையாக மடிந்தால், உள்ளே தண்டு போய்விட்டது.

போன கயிற்றை என்ன செய்வது?

ஆள் தொங்கப் பயன்படுத்திய கயிறு என்றால் முழு நீளமாக எங்கும் வைக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். வெளித்தோற்றம் நன்றாக இருக்கும், அவசரத்தில் ஒருவர் எடுத்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். ஒரு பாகத்துக்கு, அதாவது இரண்டு கையையும் விரித்த அளவுக்கு, மேல் நீளமில்லாத துண்டுகளாக அன்றைக்கே வெட்டிவிடுங்கள். கன்றுக்குட்டி கட்ட, வாளிக்குப் பிடி போட அந்தத் துண்டுகள் போதும்.